பகல் தூக்கம் தொலைத்த ஈக்கள்: ஓர் ஆய்வக உதவியாளரின் நிகழ்வு ஆய்வு

கடையில் கூட்டம் இல்லையென்றால் எங்கள் ஊரில் "ஈ ஓட்டிக்கிட்டு இருக்கான்" என்பார்கள். எம்.எஸ்சி. முடித்ததும் எனக்குக் கிடைத்த வேலையே அதுதான். மாதாமாதம் சம்பளமும் வந்தது. பெங்களூரில் பழ ஈயின் மூளையை ஆராயும் ஓர் ஆய்வகத்தில் ப்ராஜெக்ட் அசிஸ்டன்ட். தெருவில் கேட்டவர்களிடமெல்லாம் அம்மா, "மாம்பழத்துக்குள்ள புழு வைக்குமே, அந்த ஈயைப் பத்தி ஆராய்ச்சி பண்றா" என்று சொல்லிவைத்திருந்தாள். அது வேறு குடும்பத்து ஈ, தோப்புக்காரர்களின் எதிரி. எங்களுடையது ட்ரோசோஃபிலா மெலனோகாஸ்டர்: கனிந்த வாழைப்பழத்தைச் சுற்றி, விரட்டினாலும் போகாமல் வட்டமிடும் பொடிப்பூச்சி. திருத்திச் சொல்லிப் பார்த்தேன். "ரெண்டும் ஈதானே" என்றாள். விட்டுவிட்டேன்.

அந்த ஆய்வகத்தில் ஒரு கண்டுபிடிப்பு உருவாகி, சில மாதம் எல்லோரையும் மகிழவைத்து, கடைசியில் குழாய் கழுவும் தொட்டியில் கரைந்துபோனது. அதை ஒரு நிகழ்வு ஆய்வாக எழுதிவைக்கிறேன். தவறு என் கையில் நடந்தது. யாரையும் மாட்டிவிடும் எண்ணம் இல்லாததால் ஆய்வகத்தின் பெயரையும் ஜீனின் பெயரையும் சொல்லவில்லை.

ஈ அறையின் அன்றாடம்

பழ ஈயின் மூளை கசகசாவைவிடச் சிறியது. 2024-ல் ஒரு பெண் ஈயின் முழு மூளைக்கும் வரைபடம் வெளியானது. அதில் 1,39,255 நரம்பணுக்கள். எந்த அணு எதனோடு இணைகிறது என்பது வரை தெரிந்துவிட்டது. செய்தித்தாளில் படித்துவிட்டு வேலைக்கு வருகிறவர்கள் இந்த மூளையைப் பார்க்கத்தான் வருகிறார்கள். நானும் அப்படித்தான் வந்தேன். முதல் மூன்று மாதம் நான் பார்த்தது மூளையை அல்ல, வயலை. நெல் வயல் இல்லை; விரல் நீளத்துக்கு மேல், இரண்டு விரல் அகலத்தில், அடியில் சாப்பாடும் மேலே பஞ்சு அடைப்புமாக இருக்கும் பிளாஸ்டிக் குப்பி. ஆய்வகத்தில் எல்லோரும் அதை வயல் என்றுதான் சொல்வார்கள். "பத்து வயல் போட்டிருக்கேன்" என்று போனில் சொன்னபோது அப்பா ஒரு நிமிடம் பேசவேயில்லை.

சாப்பாடு என்பது மக்காச்சோள மாவு, சர்க்கரை, ஈஸ்ட், அகார் எல்லாம் சேர்த்துக் கிண்டிய கூழ். கொஞ்சம் ஆறியதும் பூஞ்சை பிடிக்காமல் இருக்கப் புரோபியானிக் அமிலம் விடுவார்கள். அந்தப் புளித்த வாடை ஒருமுறை துப்பட்டாவில் ஏறினால் இரண்டு சலவைக்குப் போகாது. கூழ் கிண்டுபவர் ஓசூர்ப் பக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் ஓர் அக்கா. ஈச் சாப்பாட்டுக்கு ஆய்வகத்தில் 'மீடியா' என்று பெயர். அதனால் அவருக்கு 'மீடியா அக்கா' என்று பெயர். இந்த ஆய்வின் முக்கியமான ஆள் அவர்தான், கொஞ்சம் பொறுங்கள்.

ஈ வகைகளை விதைநெல் மாதிரி மூட்டை கட்டி வைக்க முடியாது. எல்லா ஸ்டாக்கையும் உயிரோடு, தலைமுறை தலைமுறையாக, புது வயலுக்கு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். 25 டிகிரியில் முட்டையிலிருந்து ஈ வரப் பத்து நாள். 18 டிகிரியில் அதற்கு இரண்டு மடங்கு. ஒரு ஸ்டாக்கை மறந்தால், அதை உருவாக்க யாரோ செலவழித்த ஒரு வருடம் பூஞ்சை பிடித்துக் கிடக்கும். மறக்காமல் இருப்பதற்காகத்தான் உதவியாளர்.

அதற்கு அடுத்த பெரிய வேலை விர்ஜின் எடுப்பது. பெண் ஈ ஒருமுறை கூடிவிட்டால் விந்தணுவை உடம்பில் சேமித்துவைத்துப் பல நாள் முட்டையிடும். எனவே எந்தக் கலப்புக்கும் கூடாத பெண் வேண்டும். கூட்டிலிருந்து வெளிவந்த புதிதில் ஆணுக்குக் கூடும் நாட்டம் இருக்காது. 25 டிகிரியில் சுமார் எட்டு மணி நேரம் அப்படி. 18 டிகிரியில் எல்லாமே மந்தம், பதினாறு மணி நேரம் வரை தாங்கும். 'எட்டு, பதினாறு' என்பது ஈ அறையின் வாய்ப்பாடு. காலையில் வயலைக் காலி செய்து, சாயங்காலம் புதிதாக வந்திருக்கும் பெண்களைப் பொறுக்க வேண்டும். இரவில் வயலை 18 டிகிரிக்கு மாற்றினால் மறுநாள் காலை வருபவர்களையும் எடுத்துக்கொள்ளலாம்.

இன்னோர் அடையாளமும் உண்டு. புதிதாக வந்த ஈ வெளிறிப்போய் இருக்கும். வயிற்றில் ஒரு கரும்பச்சைப் புள்ளி தெரியும். புழுவாக இருந்தபோது தின்ற கடைசிச் சாப்பாட்டின் மிச்சம் அது, சில மணி நேரத்தில் மறைந்துவிடும். கார்பன் டை ஆக்சைடு கசியும் பலகையில் ஈக்களை மயக்கிக் கொட்டி, நுண்ணோக்கியில் பார்த்து, பிரஷ்ஷால் பச்சைப் புள்ளிக்காரிகளை ஒதுக்குவேன். ஆறே மாதத்தில் ஒரு பார்வையில் ஆண் பெண் பிரிக்கும் அளவுக்குக் கை பழகிவிட்டது. கை பழகியதுதான் பிற்பாடு வினையானது.

சோதனை

ஈ தூங்குமா என்று கேட்காதவர்கள் இல்லை. தூங்கும். 2000-ல் அமெரிக்காவில் இரண்டு குழுக்கள் தனித்தனியே அதைக் காட்டின. ஐந்து நிமிடம் அசையாமல் இருந்தால் தூக்கம் என்று கணக்கு. தூங்கவிடாமல் கெடுத்தால் மறுநாள் கூடுதலாகத் தூங்கும், காப்பி குடித்த மனிதரைப் போல காஃபீன் கொடுத்த ஈயும் விழித்திருக்கும். மதியத்தில் ஒரு குட்டித் தூக்கம், இரவில் நீண்ட தூக்கம்.

இதை அளக்கும் கருவி அமெரிக்காவின் டிரைகைனெடிக்ஸ் நிறுவனத்துடையது. ஒரு மானிட்டரில் 32 கண்ணாடிக் குழாய்கள் செருகலாம். குழாய் ஐந்து மில்லிமீட்டர் அகலம், பேனா ரீஃபிலைவிடச் சற்றே தடிமன். ஒரு முனையில் சர்க்கரை கலந்த அகார், அதை மூடி மெழுகு. மறுமுனையில் பஞ்சு. நடுவில் ஓர் ஈ. குழாயின் நடுவே அகச்சிவப்புக் கதிர் ஒன்று குறுக்கே போகும். ஈ அதைக் கடக்கும்போதெல்லாம் கணினியில் ஓர் எண் கூடும். கதிர் ஐந்து நிமிடம் அறுபடாவிட்டால் ஈ தூங்குகிறது. கவனியுங்கள்: கருவி ஈயைப் பார்க்கவில்லை, கதிர் அறுபடுவதைத்தான் பார்க்கிறது. அறுத்தது ஈதானா என்று அதற்குத் தெரியாது.

எங்கள் கேள்வி எளிமையானது. மூளையில் ஒரு குறிப்பிட்ட கூட்டம் நரம்பணுக்களில் ஒரு ஜீனை மட்டும் அடக்கினால் தூக்கம் மாறுமா? 1993-ல் வந்த கேல்-4, யூஏஎஸ் முறைதான் இதற்கும். ஒரு பெற்றோரிடம் 'எங்கே' என்கிற சாவி, இன்னொரு பெற்றோரிடம் 'என்ன' என்கிற பூட்டு. இரண்டும் சேர்ந்த பிள்ளையில் மட்டும் ஜீன் அடங்கும். சாவி மட்டும் உள்ள பிள்ளைகளும் பூட்டு மட்டும் உள்ள பிள்ளைகளும் ஒப்பீட்டுக்கான கன்ட்ரோல். ஆக மூன்று வகை, மூன்று மானிட்டர், 96 குழாய். கூடிய பெண் முட்டை போட்டுக் குழாயை நாசமாக்கும் என்பதால் விர்ஜின் பெண்கள் மட்டும்.

முதல் சுற்று முடிந்து வரைபடம் வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. இரவுத் தூக்கத்தில் மூன்று கோடும் ஏறக்குறைய ஒன்றின்மேல் ஒன்று. பகலில் கன்ட்ரோல் இரண்டும் மேடாக எழும்ப, ஜீன் அடங்கிய ஈக்களின் கோடு மட்டும் கீழேயே கிடந்தது. மதியத் தூக்கத்தை மட்டும் பறிக்கும் ஜீன்! நான் உதவியாக இருந்தது கேரளத்துச் சீனியர் ஒருவருக்கு. சேச்சி என்றுதான் கூப்பிடுவேன். சேச்சி திரையைப் பார்த்துவிட்டு நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தே விட்டார். ஆய்வகத் தலைவரான மேடத்தைக் கூட்டிவந்து காட்டினோம். மேடம் அதிகம் பேசுகிறவர் இல்லை. "ரிப்பீட் பண்ணுங்க" என்றார். ரிப்பீட் செய்தோம். அதே மேடு, அதே பள்ளம்.

இரண்டாவது தடவையும் வந்தால் உண்மை என்று நம்பத்தான் பழக்கியிருக்கிறார்கள். ஒரே கை ஒரே தவற்றைத் திரும்பச் செய்தாலும் இரண்டாவது தடவையும் வரும். இது எனக்கு அப்போது தோன்றவில்லை.

தேடாத இடம்

ஆய்வகம் அலட்சியமாக இருந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். சந்தேகப்பட வேண்டியதையெல்லாம் சந்தேகப்பட்டோம். இன்குபேட்டருக்குள் வெளிச்சம் கசிகிறதா என்று இருட்டில் உள்ளே போனை வைத்துப் படம் பிடித்துப் பார்த்தோம். மானிட்டர்களை இடம் மாற்றினோம். ஜீன் பின்னணியைப் பற்றி மேடத்துக்குத் தனிக் கவலை உண்டு. அதற்கு நியாயமும் உண்டு. சர்2 என்ற ஜீனைக் கூட்டினால் ஈயின் ஆயுள் நீள்கிறது என்று 2004-ல் ஒரு கட்டுரை வந்தது. முதுமை ஆராய்ச்சியில் அது பெரிய பேச்சு. 2011-ல் லண்டன் குழு ஒன்று மற்றவர்களோடு சேர்ந்து, ஒப்பிடும் ஈக்களின் மற்ற ஜீன்களை ஒன்றுபோல் ஆக்கிவிட்டு அளந்தால் அந்த நீட்சி காணாமல் போகிறது என்று நேச்சர் இதழில் காட்டியது. ஆயுளை நீட்டியது அந்த ஜீன் அல்ல, அதோடு ஒட்டிவந்த வேறு ஏதோ. அந்தக் கட்டுரையை எங்கள் ஆய்வகத்தில் சேரும் ஒவ்வொருவரும் படித்தாக வேண்டும். அதனால் எங்கள் வகைகள் எல்லாம் ஒரே வெள்ளைக்கண் ஸ்டாக்கோடு ஆறு தலைமுறை திரும்பத் திரும்பக் கலக்கப்பட்டவை.

முன்வாசலில் மூன்று பூட்டு. கொல்லைக்கதவு திறந்தே கிடந்தது.

மாநாட்டுக்குச் சுருக்கம் அனுப்பியாயிற்று. போஸ்டரில் என் பெயரும் இருந்தது, மூன்றாவதாக. அதைப் படம் பிடித்து வீட்டுக்கு அனுப்பினேன்.

தொட்டியருகில்

சோதனை முடிந்த குழாய்களை ஃப்ரீஸரில் வைத்து ஈக்களைக் கொன்று, பிறகு கழுவப் போடுவது வழக்கம். கொதிநீரில் போட்டால் மெழுகும் அகாரும் கரைந்து வந்துவிடும். கழுவுவது மீடியா அக்கா. எண் எல்லாம் கணினியில் வந்துவிட்ட பிறகு குழாயை யார் பார்ப்பார்கள்? ஈயைப் பார்க்கவென்று சம்பளம் வாங்கும் எங்களில் ஒருவரும் பார்க்கவில்லை.

ஒரு சனிக்கிழமை, ஸ்டாக் மாற்றுவதற்காக நான் மட்டும் வந்திருந்தேன். அக்கா தொட்டியருகிலிருந்து கூப்பிட்டார்.

"பாப்பா, இங்க கொஞ்சம் வா. இதுல பொம்பளை ஈ மட்டும்தான போடுறீங்க?"

"ஆமாக்கா. ஒரு குழாய்க்கு ஒண்ணு. எல்லாம் விர்ஜின்."

"அப்ப புழு எங்கிருந்து வந்துச்சு?"

வெளிச்சத்தில் ஒரு குழாயைத் தூக்கிக் காட்டினார். உள்ளே அகார் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்க வேண்டும். உழுத நிலம் மாதிரி குழைந்திருந்தது. ஓரத்தில் வெள்ளையாக, அரிசி நொய்யைவிடச் சின்னதாக இரண்டு மூன்று புழுக்கள், குளிரில் விறைத்துக் கிடந்தன.

"போன தடவையும் இருந்துச்சு. எல்லாத்துலயும் இல்ல. இந்த மூணாம் நம்பர் பீக்கர்ல மட்டும்."

ஒரு மானிட்டரின் குழாய்களை ஒரு பீக்கரில் போட்டு எண் ஒட்டிக் கொடுப்போம். மூன்றாம் நம்பர், ஜீன் அடங்கிய ஈக்கள்.

கூடாத பெண்ணும் சில முட்டைகள் இடும். அவை பொரிக்காது. புழு இருக்கிறதென்றால் அந்தப் பெண் கூடியவள், வேறு பேச்சே இல்லை. எனக்குக் காது அடைத்துப்போனது. "ஏன்க்கா, போன தடவையே சொல்லியிருக்கலாம்ல?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. "நீங்க படிச்சவங்க, தெரிஞ்சு போட்டிருப்பீங்கன்னு நெனச்சேன்" என்றார். அதில் குத்தல் எதுவும் இல்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைத்திருந்தார்.

மீதிக் குழாய்களைக் கழுவாமல் வாங்கிக்கொண்டேன். ஒவ்வொன்றாக நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்ததில் மூன்றாம் பீக்கரில் பாதிக்குச் சற்றுக் குறைவான குழாய்களில் புழு. மற்ற இரண்டு பீக்கர்களிலும் தேடித் தேடி ஒன்றிரண்டு. குழாய் எண்ணைப் பார்த்துக் கணினியில் அந்தந்தச் சேனலின் கணக்கைத் தனியாக எடுத்தேன். புழு இல்லாத குழாய்களின் ஈக்கள் கன்ட்ரோல் ஈக்களைப் போலவே மதியத்தில் தூங்கியிருந்தன. பள்ளம் முழுக்கப் புழுக் குழாய்களின் பள்ளம்.

சேச்சிக்குப் போன் செய்ய ஒரு மணி நேரம் தைரியம் வரவில்லை. கேன்டீனில் போய் ஒரு டீ குடித்துவிட்டு, இன்னொரு டீயும் குடித்துவிட்டுத்தான் செய்தேன்.

ஏன் தூக்கம் போனது

இது ஒன்றும் புதுச் செய்தி அல்ல என்பதுதான் இதில் வெட்கம். ஆண் ஈயின் விந்துத் திரவத்தில் செக்ஸ் பெப்டைடு என்ற சிறிய புரதம் இருக்கிறது, 36 அமினோ அமிலம் நீளம். அது விந்தணுவின் வாலில் ஒட்டிக்கொண்டு பெண்ணின் உடம்புக்குள் போய், நாள்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று வேலை செய்கிறது. அதைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பி எது என்பது 2008-ல் தெரிந்தது. அதன் விளைவாகப் பெண் நிறைய முட்டையிடுகிறாள், வேறு ஆணை விரட்டுகிறாள், அதிகம் சாப்பிடுகிறாள். 2010-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தார் இன்னொன்றையும் காட்டினார்கள்: கூடிய பெண்ணின் மதியத் தூக்கம் குறைகிறது. நாங்கள் ஒரு ஜீனுக்குக் கொடுத்த பெருமையை அந்தப் பெப்டைடு எப்போதோ வாங்கிவிட்டிருந்தது.

அதற்கு மேல் புழு. 25 டிகிரியில் ஒரே நாளில் முட்டை பொரிந்துவிடும். குழாயில் வெறும் சர்க்கரை அகார், ஈஸ்ட் கிடையாது. பசித்த புழு மேய்ச்சல் தேடி நகரும். அது கதிரை அறுத்தால் அதுவும் ஈ விழித்திருந்த கணக்கில் சேரும். எங்கள் வழக்கில் புழுவின் பங்கு எவ்வளவு, பெப்டைடின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியவில்லை. பள்ளம் பகலில் மட்டும் இருந்ததால் பெரும்பங்கு பெப்டைடுதான் என்பது என் எண்ணம். புழுவுக்கு இரவு பகல் பார்த்து ஊர வேண்டிய கட்டாயம் இல்லை.

ஆனால் முக்கியக் கேள்வி வேறு. மூன்று வகையையும் எடுத்தது ஒரே ஆள், ஒரே பலகை, ஒரே பிரஷ். கூடிய பெண்கள் ஏன் ஒரு வகையில் மட்டும் குவிந்தார்கள்? என் கை தவறு செய்ததென்றால் மூன்றிலும் சமமாக அல்லவா செய்திருக்க வேண்டும்?

இதற்கு விடை வகைகளின் கணக்கில் இருந்தது. சாவி ஸ்டாக்கில் ஒரு குரோமோசோமில் சாவி, அதன் ஜோடியில் சுருட்டைச் சிறகு அடையாளம் உள்ள பாலன்ஸர், அதாவது வெளித்தோற்றத்தில் அடையாளம் காட்டும் குரோமோசோம். பூட்டு ஸ்டாக்கில் இன்னொரு குரோமோசோமில் பூட்டு, அதன் ஜோடியில் முதுகு மயிர் கட்டையாகும் பாலன்ஸர். கன்ட்ரோலுக்காக ஏதாவது ஒன்றை வெள்ளைக்கண் ஸ்டாக்கோடு கலந்தால் பிள்ளைகளில் பாதி நமக்கு வேண்டியது. சாவியையும் பூட்டையும் கலந்தால் சிறகும் நேராக, மயிரும் நீளமாக இருப்பது நாலில் ஒன்றுதான். ஒரு வயலில் நூறு ஈ என்று வைத்துக்கொண்டால் கன்ட்ரோலில் 25 பெண் தேறும், சோதனை வகையில் 12 தேறினால் பெரிது.

நான் என்ன செய்திருந்தேன்? மூன்றுக்கும் சமமாகப் பத்துப் பத்து வயல் போட்டிருந்தேன். ஒன்றுக்கு அதிகம், ஒன்றுக்குக் குறைவு என்றால் ஓரவஞ்சனை என்று நினைத்தவள் நான். அந்தச் சமத்துவம்தான் குடிகெடுத்தது.

ஒரு மானிட்டருக்கு 32 பெண் வேண்டும், எல்லாம் மூன்றிலிருந்து ஐந்து நாள் வயதுக்குள். கன்ட்ரோல் வகைகளில் சாயங்காலம் பொறுக்கியதே கிட்டத்தட்டப் போதுமானதாக இருந்தது. சோதனை வகையில் பாதி கூடச் சேரவில்லை. பற்றாக்குறையை எங்கிருந்து ஈடுகட்டுவது? காலையில் கிடைக்கும் ஈக்களிலிருந்து. பழ ஈ கூட்டை விட்டு வெளிவருவது கண்ட நேரத்தில் அல்ல, பெரும்பாலும் விடியலை ஒட்டித்தான். 1971-ல் கொனோப்காவும் பென்சரும் உடல் கடிகாரம் கெட்ட ஈக்களைக் கண்டுபிடித்ததே இந்த வெளிவரும் நேரத்தைப் பார்த்துத்தான். எனவே காலை ஒன்பது மணிக்கு வயலைத் திறந்தால் அன்றைய மகசூலின் பெரும்பகுதி அங்கே, சுடச்சுட, பச்சைப் புள்ளியோடு நிற்கும். காலி செய்து கொட்ட மனசு வருமா?

வாய்ப்பாட்டின்படி அவை 18 டிகிரியில் இரவைக் கழித்திருந்தால் எடுக்கலாம். அந்த மாதங்களில் 18 டிகிரி இன்குபேட்டர் ஸ்டாக் தட்டுகளால் நிரம்பி வழிந்தது. என் வயல்கள் இரவும் 25-லேயே இருந்தன. தெரிந்துதான் வைத்தேன். பச்சைப் புள்ளி தெரிகிற பெண்ணை மட்டும் எடுத்தால் ஆபத்தில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பச்சைப் புள்ளி பெண்ணின் வயதைச் சொல்லும். வயலில் உடனிருந்த ஆணின் வயதைச் சொல்லாது. முந்தின நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு வெளிவந்த ஆணுக்கு மறுநாள் காலை ஒன்பது மணிக்குப் பதினைந்து மணி நேர வயது. அதுபோக, காலி செய்யும்போது பஞ்சு மடிப்பில் ஒளிந்துகொள்ளும் கிழட்டு ஆண் ஒன்று எப்போதும் உண்டு. முதிர்ந்த ஆண்கள் தோல் இறுகாத, அப்போதுதான் வெளிவந்த பெண்ணைக் கூட விடுவதில்லை. கட்டாயக் கூடலும் பதிவாகியிருக்கிறது. ஒரு வயலுக்கு அப்படி ஒன்று போதும்.

ஆக, என் தவறு எல்லா வகைக்கும் சமமாகப் போகவில்லை. எங்கே ஈ குறைவோ அங்கே போனது. கன்ட்ரோலில் காலை ஈ அநேகமாகத் தேவைப்படவில்லை, எடுக்கவும் இல்லை. சோதனை வகையில் பாதிக்கு மேல் காலை ஈ. எந்த வகை என்று தெரியாமல் கண்ணைக் கட்டிக்கொண்டு குழாயை ஏற்றியிருந்தாலும் இது அப்படியேதான் வந்திருக்கும். தவறு ஏற்றுவதற்கு மூன்று நாள் முன்பே முடிந்துபோயிருந்தது. அந்த மூன்று நாளுக்குப் பதிவும் இல்லை. என் நோட்டில் தேதி, வகை, எண்ணிக்கை, 'விர்ஜின்' என்ற கட்டத்தில் ஒரு டிக். எத்தனை மணிக்கு எடுத்தது, இரவு எந்த டிகிரியில் இருந்தது என்று எழுத நோட்டில் இடமே கிடையாது. காலை ஈயா சாயங்கால ஈயா என்பதை நான் நினைவிலிருந்துதான் சொன்னேன். என் நினைவை நம்பித்தான் இந்த விளக்கமும் நிற்கிறது. இது இதன் பலவீனம்.

பிறகு

திங்கட்கிழமை மேடத்தின் அறையில் குழாய்களைக் கொண்டுபோய் வைத்தோம். திட்டு விழும் என்று தயாராகப் போயிருந்தேன். மேடம் ஒரு குழாயை ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டது ஒன்றுதான்: "கூடிய பெண்களை வேண்டுமென்றே போட்டுப் பார்த்தால் இதே வளைவு வருமா?"

அடுத்த இரண்டு மாதம் அதைத்தான் செய்தோம். சோதனை வகைக்கு இருபது வயல், கன்ட்ரோலுக்குப் பத்துப் பத்து. சாயங்கால ஈக்கள் மட்டும். காலி செய்த பின் பஞ்சையும் மாற்றினேன். எடுத்த பெண்களை மூன்று நாள் சாப்பாட்டு வயலில் வைத்து, குழாயில் ஏற்றிய பின் அந்த வயல்களை எறியாமல் இன்னும் சில நாள் வைத்திருந்தோம்; புழு தெரிந்தால் அந்த வயலிலிருந்து போன ஈக்கள் கணக்கிலிருந்து நீக்கம். நான்காவது மானிட்டரில், வெறும் கன்ட்ரோல் வகைப் பெண்களை ஆண்களோடு ஓர் இரவு விட்டு எடுத்து ஏற்றினோம். மற்ற மூன்று மானிட்டரிலும் மூன்று வகையையும் கலந்து செருகினோம். ஒரு மானிட்டருக்கு ஒரு வகை என்று வைத்திருந்ததும் தவறுதான்; ஆனால் அந்தத் தவறு இருந்ததால்தான் அக்காவின் மூன்றாம் பீக்கர் காட்டிக்கொடுத்தது.

ஆண்களோடு விட்ட கன்ட்ரோல் பெண்களின் கோடு எங்கள் பழைய போஸ்டரில் இருந்த பள்ளத்தின் மேல் அச்சடித்த மாதிரி உட்கார்ந்தது. ஜீன் அடங்கிய ஈக்கள் மதியத்தில் நிம்மதியாகத் தூங்கின.

மாநாட்டுச் சுருக்கத்தை மேடம் திரும்பப் பெற்றார். சேச்சி இரண்டு வாரம் என்னோடு வேலை விஷயம் தவிர எதுவும் பேசவில்லை. அவருடைய பிஎச்.டி.யின் நாலாம் வருடத்தில் பாதி போயிருந்தது. பேசாததில் தப்பே இல்லை. பிறகு ஒருநாள் ஓணத்துக்கு ஊரிலிருந்து கொண்டுவந்த உப்பேரியை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

நோட்டில் இப்போது 'மணி', 'இரவு டிகிரி' என்று இரண்டு பத்திகள் கூடுதலாக இருக்கின்றன. புழு பார்க்காமல் எந்தக் குழாயும் தொட்டிக்குப் போவதில்லை. பார்ப்பது நான், இரண்டாவது தடவை பார்ப்பது மீடியா அக்கா. அது யாரும் அவரிடம் சொன்னதல்ல, அவராக எடுத்துக்கொண்டது. இந்த வேலைக்காக ஆய்வறிக்கையில் நன்றி சொல்லும் பகுதியில் அவர் பெயர் வருமா என்று சேச்சியிடம் கேட்டேன். வரும் என்றிருக்கிறார். ஆய்வறிக்கை இன்னும் எழுதி முடியவில்லை.

அந்தச் சாவி ஸ்டாக்கும் பூட்டு ஸ்டாக்கும் 18 டிகிரித் தட்டில் அப்படியே இருக்கின்றன. வேறு யாருக்காவது உதவலாம், தூக்கிப் போட வேண்டாம் என்று மேடம் சொல்லிவிட்டார். மூன்று வாரத்துக்கு ஒருமுறை புது வயலுக்கு மாற்ற வேண்டும். இந்த வியாழன் அவற்றின் முறை.